களியும் மஞ்சளும் குடித்த கார்

ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி எங்கள் காருக்கு முதலாளி மாறிவிடுவார். ஒரு மாதம் நான், மறு மாதம் அண்ணன். அப்பா போன பிறகு நிலம், மாடு, டிராக்டர், பித்தளை அண்டா வரைக்கும் பாகம் பிரித்தாயிற்று. பிரிக்க முடியாமல் மிஞ்சியவை இரண்டு: கிணறும் காரும். கூட்டுக் கிணற்றுக்கு முறை வைப்பது நல்லம்பள்ளிப் பக்கத்தில் எல்லாரும் செய்வதுதான். இன்றைக்கு உன் வயலுக்குத் தண்ணீர், நாளைக்கு என் வயலுக்கு. பாகம் பேச வந்து உட்கார்ந்திருந்த பெரியவர்களில் ஒருவர், சாப்பாட்டு நேரம் தாண்டுகிறதே என்ற அவசரத்தில், "காருக்கும் அப்படியே முறை வெச்சுக்குங்களேன்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்துவிட்டார். அது அப்படியே நிலைத்துவிட்டது.

கிணற்றுக்குப் பொருந்துவது காருக்குப் பொருந்தாது என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. கிணற்றில் நாம் இறைத்தது மறுபடி ஊறும். டீசல் ஊறாது. அண்ணன் என்னிடம் கொடுக்கும்போது டீசல் முள் எப்போதும் அடியில் படுத்திருக்கும். நானும் சளைத்தவனில்லை, அவர் முறை வருவதற்கு முன்னால் எங்கெங்கே போக வேண்டுமோ அங்கெல்லாம் போய்வந்து, பங்க் வரைக்கும் உருளுகிற அளவுக்கு விட்டுக் கொடுப்பேன். டயரில் காற்று, வைப்பரில் ரப்பர், கதவுக் கைப்பிடி எல்லாவற்றுக்கும் இதே கதைதான். அடுத்த மாதம் அவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று நான், தம்பி பார்த்துக்கொள்வான் என்று அவர். இரண்டு பேருக்குச் சொந்தமான காரை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

ஆனாலும் அந்தக் காரை நான் விடத் தயாராக இல்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். பாகம் பிரித்த அன்று டிராக்டரைப் பற்றியும் வரப்போரத் தென்னைகளைப் பற்றியும் இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசிக்கொண்டோம். பெரிய சண்டையெல்லாம் இல்லை. ஆனால் அடுத்த வாரமே இரண்டு வீட்டுக்கும் நடுவில் கம்பிவேலி வந்தது. அதற்குப் பிறகு அவர்கள் வீட்டுக்கு நானோ எங்கள் வீட்டுக்கு அவரோ காரணமில்லாமல் போவது நின்றுபோனது. ஒன்றாம் தேதி சாவி கொடுக்கப் போனால் மட்டும் அண்ணி ஒரு டம்ளர் காபி கொடுப்பார். அதைக் குடித்து முடிக்கும் வரை மழையைப் பற்றி, தக்காளி விலையைப் பற்றி, யார் வீட்டுக் கல்யாணம் என்பதைப் பற்றி நானும் அண்ணனும் பேசுவோம். அந்த ஒரு டம்ளர் காபிக்காகத்தான் நான் மாதம் முழுக்கக் காத்திருந்தேன். கார் போய்விட்டால் அதுவும் போய்விடும்.

இந்த நிலையில்தான் ரேடியேட்டர் ஒழுக ஆரம்பித்தது.

காலையில் காரை நகர்த்தினால் அடியில் ஒரு தட்டு அளவுக்கு ஈரம். எங்கள் ஊர் போர்த் தண்ணீர் எப்பேர்ப்பட்டது என்பது கறையேறிய எங்கள் பல்லைப் பார்த்தாலே தெரியும். அதைத்தான் இத்தனை வருடமாக ரேடியேட்டருக்கும் ஊற்றிக்கொண்டிருந்தோம். கூலண்ட் ஊற்ற வேண்டும் என்று கார் வாங்கிய இடத்தில் சொல்லியிருப்பார்கள். அப்பா தலையாட்டிவிட்டு வந்திருப்பார். ரேடியேட்டரின் ஓரமெல்லாம் வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்து, அந்த உப்புக்கு நடுவிலிருந்து சொட்டு சொட்டாகத் தண்ணீர் இறங்கியது.

சரி பண்ண வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். பண்ணலாம். ஆனால் மாதம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தானே இருக்கிறது, அண்ணன் முறையில் ஆகட்டுமே என்று விட்டேன். ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோதும் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கொஞ்சம் குறைவாக.

அந்தச் சமயத்தில் டீக்கடையில் ஒரு லாரி டிரைவர் பேச்சுவாக்கில் சொன்னார், வழியில் ரேடியேட்டர் ஒழுகினால் கொஞ்சம் மாவைப் போட்டுவிட்டால் வெந்து உப்பி ஓட்டையை அடைத்துக்கொள்ளும் என்று. என்ன மாவு என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் மாவு என்றால் கேழ்வரகு மாவுதான். களி கிண்டிய சட்டியை ஊற வைக்காமல் தேய்த்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது பிடித்தால் விடாது. சட்டியையே அப்படிப் பிடிப்பது ஓட்டையைப் பிடிக்காதா என்று எனக்குத் தோன்றியது. ஒரு கைப்பிடி மாவைக் கரைத்து ஊற்றினேன். நம்பினால் நம்புங்கள், ஒழுகல் நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மாதக் கடைசியில் மறுபடி கொஞ்சம் கசிந்தது. அதற்குப் பிறகு என் முறை வரும்போதெல்லாம் காருக்கு ஒரு கைப்பிடி கேழ்வரகு. அண்ணனிடம் மூச்சு விடவில்லை.

ஒரு ஒன்றாம் தேதி அண்ணன் சாவியைக் கொடுக்க எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. பைக்குள் சாவியைத் தேடிக்கொண்டே, "இத வித்துடலாம்டா" என்றார். "எஞ்சின் சூடாவுது, தண்ணி நிக்க மாட்டேங்குது. சேலத்துல பழைய வண்டி எடுக்கற ஆள் ஒருத்தன் இருக்கான். அடுத்த மொத தேதி வரச் சொல்லியிருக்கறன். வர்றத ஆளுக்குப் பாதி எடுத்துக்கலாம்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆளுக்குப் பாதி! இதையும் பிரித்துவிட்டால் அப்புறம் என்ன மிச்சம்? ஆனால் அதை எப்படி வாய்விட்டுச் சொல்வது? "வண்டி நல்லாத்தாண்ணா ஓடுது" என்றேன்.

"நல்லா ஓடுதா? வத்தல்மலை ஏறி எறங்கட்டும், கொதிக்காம. அப்பறம் பேசலாம்" என்று சாவியை என் கையில் வைத்துவிட்டுப் போனார். என் மனைவி கொண்டுவந்த காபி அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றது.

வத்தல்மலைப் பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். புது வண்டிகளே அங்கே முக்கிக்கொண்டு ஏறும். இருந்தாலும் ரோஷம் யாரை விட்டது? ஏறிக் காட்டிவிட்டு, மேலே நின்று ஒரு போட்டோ எடுத்து அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவது என்று முடிவு செய்தேன். மலையேற்றம் ஆயிற்றே, வழக்கமான ஒரு கைப்பிடி போதாது என்று கணக்குப் போட்டேன். நான் மாவுப் பானையில் கைவிட்டு அள்ளி அள்ளிப் போடுவதைப் பார்த்து என் மனைவி, "ஏங்க, அது காரா, கன்னுக்குட்டியா?" என்றாள். பெண்களுக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும் என்கிற பார்வை ஒன்றைப் பார்த்துவிட்டுக் கிளம்பினேன்.

அடிவாரம் வரைக்கும் ராஜபாட்டைதான். ஏற்றம் தொடங்கியது. முதல் வளைவு தாண்டியதும் சூடு காட்டும் முள் எழுந்து நின்றது. அடுத்த வளைவுக்குள் பானெட்டின் இடுக்குகளிலிருந்து ஆவி வந்தது. ஓரங்கட்டி நிறுத்தி, ரேடியேட்டர் மூடியில் கை வைக்காமல் ஆறட்டும் என்று ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்தேன். அந்த அறிவாவது இருந்தது. ஆனால் அது மூடிக்குக் காத்திருக்கவில்லை. ரேடியேட்டரின் மேல் ஹோஸ் குழாய் பட்டென்று பிடுங்கிக்கொண்டது. உள்ளேயிருந்து கொழகொழவென்று, பதமாக வெந்த கூழ் எஞ்சின் மேலெல்லாம் வழிந்தது. வாசனை பிரமாதம். காலையில் சாப்பிடாமல் வந்தவனுக்குப் பசியே எடுத்துவிட்டது.

ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு அம்மா நின்று எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஏன் சாமி, வண்டிக்குக் கூழு ஊத்துவாங்களா?" என்றார் நிஜமான அக்கறையோடு. "ஆமாங்க, ஆடி மாசம்" என்றேன். வேறென்ன சொல்ல? ஆடி மாசமும் இல்லை அது. அவர் நம்பாத முகத்தோடு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார்.

மனைவிக்குப் போன் செய்து, யாரிடமாவது சொல்லி ஒரு வண்டி அனுப்பு என்றேன். யாரிடம் என்று அவள் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தூரத்தில் ஒரு டிராக்டர் சத்தம் கேட்டது. சத்தத்தை வைத்தே தெரிந்துவிட்டது. எங்கள் டிராக்டர். அதாவது அண்ணனுடைய டிராக்டர். போனை வைத்த கையோடு என் மனைவி கம்பிவேலியைத் தாண்டிப் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

அந்த இடத்திலேயே பூமி பிளந்து என்னை வாங்கிக்கொண்டால் தேவலை என்றிருந்தது. விற்றுவிடலாம் என்று சொன்ன மனிதருக்கு முன்னால் கூழ் அப்பிய காரோடு நிற்கிறேன். அண்ணன் இறங்கினார். பானெட்டுக்குள் குனிந்து பார்த்தார். ஒரு விரலால் தொட்டு மோந்து பார்த்தார். ஏதாவது சொல்லுவார், இரண்டு திட்டு திட்டுவார் என்று பார்த்தேன். "கயிறு எடு" என்றார், அவ்வளவுதான்.

தருமபுரி வரைக்கும் கட்டி இழுத்துக்கொண்டு போனோம். முன்னால் டிராக்டரில் அவர், பின்னால் காரின் ஸ்டியரிங்கில் நான். ஒவ்வொரு வேகத்தடையிலும் அண்ணன் திரும்பி நான் பின்னால் இருக்கிறேனா என்று பார்த்தார். கயிற்றில் கட்டிய கார் எங்கே போய்விடும்?

ரேடியேட்டர் கடைக்காரர் வாய் ஓயாதவர். காரைப் பார்ப்பதற்கு முன்பே, "அரை மணி நேர வேலைண்ணா, ஈயம் வெச்சி அடிச்சி விட்டுர்றன்" என்றார். கழற்றினார். ஒழுகிய இடத்தைச் சுரண்டி, நெருப்புக் காட்டி, ஈயம் வைத்தார். பிறகு தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் காற்றுக் கொடுத்தார். அடைத்த இடத்தில் குமிழி வரவில்லை. வேறு நாலு இடத்தில் வந்தது. அந்த நாலையும் அடைத்தார். புதிதாக இன்னும் சில இடத்தில் வந்தது. அது தன்னைக் கேலி செய்கிறது என்று நினைத்தவர் போல ரேடியேட்டரை முறைத்தார். "உள்ள என்னமோ இருக்குது. மேல் தொட்டியத் தெறந்துதான் பாக்கணும்" என்றார்.

பற்றவைப்பை இளக்கி மேல் தொட்டியைப் பெயர்த்தார். உள்ளே மெல்லிய குழாய்கள் வரிசையாக இருக்க வேண்டும். ஒரு குழாயின் வாயும் கண்ணுக்குத் தெரியவில்லை. அடைபட்டுக் கல்லாக இறுகியிருந்தது. அவர் ஒரு திருப்புளியால் குத்திக் கட்டியாக ஒரு துண்டைப் பெயர்த்து வெளிச்சத்தில் பிடித்தார். எங்களுக்கும் தெரிந்தது. பழுப்பு, அதன்மேல் மஞ்சள், மறுபடி பழுப்பு, மறுபடி மஞ்சள். ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்திருந்தது.

பழுப்பு எனக்குத் தெரியும். என் கேழ்வரகு. ஆனால் மஞ்சள்?

கடைக்காரர் மோந்து பார்த்தார். "மஞ்சத்தூளு" என்றார். "இது ஒண்ணும் புதுசில்லண்ணா, டிரைவருங்க போடறதுதான். ஆனா ஒரு மாசம் மஞ்சளு, ஒரு மாசம் கேவுருன்னு மொற வெச்சிப் போட்டவங்கள இப்பத்தான் பாக்கறன். யாருங்க இதெல்லாம் போட்டது?"

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த டயர் விளம்பரக் காலண்டரை அத்தனை கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார். பாகத்தில் அவருக்கு வந்தது ஓடையோர நிலம். அங்கே அவர் வைப்பது மஞ்சள். அவர்கள் வீட்டு வாசலில் மஞ்சள் வேகும் வாசனை வேலி தாண்டி எங்கள் வீட்டுக்கே வரும். என் மேட்டு நிலத்தில் கேழ்வரகுதான் விளையும். யார் எதைப் போட்டது என்று கேட்கவே வேண்டியதில்லை.

ஒவ்வொரு மாதமும் திரும்பி வரும்போது ஒழுகல் கொஞ்சம் குறைந்திருந்ததே, அது என் கேழ்வரகின் மகிமை என்றல்லவா நான் மார் தட்டிக்கொண்டிருந்தேன்? அவரும் தன் மஞ்சளைப் பற்றி அப்படித்தான் நினைத்திருப்பார். மேலும் ஒன்று. விற்றுவிட நினைக்கிறவன் எதற்கு மாதா மாதம் மருந்து போடுகிறான்?

கடைக்காரர் உள்ளே எதையோ தேடப் போன சமயத்தில் கேட்டுவிட்டேன். "வித்துடலாம்னு சொன்னியேண்ணா?"

அண்ணன் காலண்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஒவ்வொரு தடவையும் ஒழுகற வண்டியக் கொண்டாந்து நிறுத்திட்டு வண்டியப் பத்தி ஒரு வார்த்த பேசாத போயிடுவ. டீசல் கூட ஊத்தறதில்ல. உனக்குச் சலிச்சிப்போச்சின்னு நெனச்சன். என்னைக்காவது ஒரு நாள் நீயே வந்து வித்துடலாம்ணான்னு கேட்டுடுவியோன்னு இருந்திச்சி. நீ கேட்டு நான் சரின்னு சொல்றதுக்கு, நானே முந்திக்கிட்டா அவ்வளவு வலிக்காதில்ல?"

ஒழுகலைப் பார்த்து அவரும் பயந்திருக்கிறார், நானும் பயந்திருக்கிறேன். ஒருவரிடம் ஒருவர் சொல்லாமல், ஆளுக்கொரு வேலிப் பக்கத்திலிருந்து சமையலறைச் சாமானைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறோம். கண்ணைத் துடைத்தால் தெரிந்துவிடுமே என்று, "டீசல் நீ மட்டும் ஊத்துனியா?" என்று கேட்டேன். அண்ணன் சிரித்துவிட்டார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்தச் சிரிப்பைப் பார்த்தேன்.

கடைக்காரர் திரும்பி வந்து, "இந்தக் கோர் தேறாதுண்ணா" என்றார். கோர் என்பது குழாய்கள் இருக்கும் நடுப்பகுதி. தொட்டிகளை வைத்துக்கொண்டு புதுக் கோர் போட்டுவிடலாம்; எஞ்சினுக்குள் போயிருக்கும் கூழையும் அலசி எடுக்க வேண்டும்; வண்டி நாளைக்குத்தான் கிடைக்கும் என்றார். முதலில் சொன்ன அரை மணி நேரத்தை அவர் மறந்தே போயிருந்தார். கடைசியாக இருவரையும் பக்கத்தில் கூப்பிட்டு நிற்க வைத்து, இனிமேல் கூலண்டைத் தவிர எதையும் ஊற்ற மாட்டோம் என்று வாக்குறுதி வாங்கிக்கொண்டார். பிரேயரில் நிற்கும் பள்ளிக்கூடத்துப் பையன்களைப் போல இருவரும் தலையாட்டினோம்.

வண்டி வந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை வத்தல்மலைக்குப் போனோம். இந்தத் தடவை நாலு பேர். அண்ணன் ஓட்டினார், நான் முன்னால், பின்சீட்டில் அண்ணியும் என் மனைவியும். அண்ணி தூக்குப்போசியில் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்திருந்தார். கூழ் வழிந்த இடம் வந்ததும் என் மனைவி கையை நீட்டி, இங்கேதான் காருக்குப் பந்தி நடந்தது என்று அண்ணிக்கு விளக்கினாள். இருவரும் அடுத்த இரண்டு வளைவுக்கும் சிரித்தார்கள். நானும் அண்ணனும் முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அது பாதியில் போய் நின்றது நின்றதுதான். மேலே போய் இறங்கியதும் சில்லென்று காற்றடித்தது. அண்ணி தூக்குப்போசியைத் திறந்தார். கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும். "தம்பி, இது உங்களுக்கு. வண்டிக்குத் தனியா எதுவும் கொண்டாரல" என்றார்.

ஒன்றாம் தேதி பழைய வண்டி எடுக்கிறவர் சேலத்திலிருந்து வந்தே விட்டார். அண்ணன் அவருக்கு மோர் கொடுத்து, மழையைப் பற்றிப் பேசி, கடையிலிருந்து கையோடு வாங்கி வந்திருந்த பழைய கோரை மட்டும் எடைக்குப் போட்டு அனுப்பிவைத்தார்.

முறை இன்னும் மாறவில்லை. ஒரு மாதம் நான், ஒரு மாதம் அவர். டீசல் முள் இப்போதும் அடியில்தான் படுத்திருக்கிறது. சில பழக்கங்கள் அவ்வளவு சுலபத்தில் போகுமா? ஆனால் கார் ஒழுகுவதில்லை. இரவெல்லாம் நின்ற இடத்தில் காலையில் குனிந்து பார்த்தால் மண் காய்ந்து கிடக்கிறது. சொல்லப்போனால் இனி ரேடியேட்டரைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

என் முறை நடக்கும் மாதங்களில், காலையில் நான் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே வேலியில் கம்பியை விலக்குகிற சத்தம் கேட்கும். அண்ணன் வருவார். பானெட்டைத் தூக்குவார். மூடியைத் திருகி எடுத்துவிட்டு, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்ப்பார். உள்ளே கழுத்து வரைக்கும் நிறைந்து நிற்கும். என் மனைவி சத்தமில்லாமல் அடுப்பில் பாலைக் கூடுதலாக வைப்பாள்.

இன்றைக்கும் வந்தார். வெகுநேரம் பார்த்தார். "கொஞ்சம் கொறஞ்ச மாதிரி தெரியுதேடா" என்றார்.

நானும் போய் அவர் தோளோரமாகக் குனிந்து பார்த்தேன். தளும்பிக்கொண்டிருந்தது.

"ஆமாண்ணா" என்றேன். "நாளைக்கும் ஒரு தடவ வந்து பாத்துடு."